மாப்பிள்ளையைக் கவிழ்த்த குலவை

அம்மாவின் வாயை நான் இரண்டு கைகளாலும் பொத்தியிருந்தேன். அவள் தலையில் முளைப்பாரிச் சட்டி. அதைப் பிடித்திருந்ததால் என்னைத் தள்ளிவிட அவளுக்குக் கை இல்லை. சுற்றிலும் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள். எங்களுக்கு மேலே, ஒரு பனை உயரத்தில், மாப்பிள்ளையும் நின்று பார்த்தது.

"வ்வுவ்வி" என்றாள் அம்மா. விடுடி என்று அர்த்தம்.

"போடாதம்மா. இன்னைக்கு மட்டும் குலவை போடாத."

கடித்துவிட்டாள். வலது கையில், கட்டைவிரலுக்குக் கீழே. இதை எழுதும்போதும் அந்த இடம் விண்விண் என்று தெறிக்கிறது. ஊரே தூங்குகிறது. நான் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு ஒரு விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். அடுப்படியிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கிறது. அதைப் பற்றி யோசித்தால் என்னால் எழுத முடியாது. அதனால் மாப்பிள்ளையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மாப்பிள்ளை என்றால் ட்ரோன். எங்கள் பனையேந்தலுக்கு வடக்கே சோலார் கம்பெனி ஒன்று வந்து, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கண்ணாடிப் பலகையாக நட்டு வைத்தது. செம்புக் கம்பியை யாரும் உருவிக்கொண்டு போகாமல் இருக்க ட்ரோன்களைப் பறக்கவிட்டது. அவை வேலிக்குள் பறந்தால் பரவாயில்லை. எங்கள் தெருவுக்கும் வந்தன. வரும், நிற்கும், வீட்டில் இருக்கும் பெண்களை ஒருமுறை மேலிருந்து கீழ் வரை பார்க்கும், ஒன்றும் சொல்லாமல் போய்விடும். பெண் பார்க்க வருகிறவர்களும் அப்படித்தானே. பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம் அத்தை வைத்த பெயர் அது.

எங்கள் ஊரில் குளிக்கிற இடத்துக்குச் சுவர் உண்டு, கூரை கிடையாது. கூரை தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. இப்போது எல்லோரும் குடை பிடித்துக்கொண்டு குளிக்கிறோம். ஒரு கையில் குடை, ஒரு கையில் சோப்பு, தண்ணீர் மொள்ள மூன்றாவது கை வேண்டும்.

கம்பெனியில் போய்க் கேட்டோம். அங்கே ஒரு ஆபீசர் தன்மையாகத்தான் பேசினார். "அது படம் எடுக்காதும்மா. ஆள் இருக்காங்களான்னு உடம்புச் சூட்டை மட்டும்தான் பார்க்கும்."

சம்பூர்ணம் அத்தை, "எங்க சூட்டை நீ எதுக்குய்யா பார்க்குற?" என்றாள். பதிலுக்கு அவர் எங்களை வெளியே அனுப்ப ஆளைக் கூப்பிட்டார்.

பிறகு ஊர் தானாகவே களத்தில் இறங்கியது. முதலில் உண்டிவில். அடித்த கல் எல்லாம் எங்கள் வீட்டு ஓட்டில்தான் விழுந்தது. சம்பூர்ணம் அத்தையின் தம்பி கடற்கரையிலிருந்து வீச்சுவலை கொண்டுவந்து தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி வீசினார். வலையில் ஒரு டிஷ் ஆன்டெனாவும் அவரும் மாட்டினார்கள். மிளகாய் வற்றலைக் குவித்துப் புகை போட்டோம். மாப்பிள்ளைக்கு மூக்கு இல்லை என்பது ஊர் இருமி முடித்த பிறகுதான் யாருக்கோ உறைத்தது.

அடுத்தது வழிவிட்டான் அண்ணன் முறை. வழிவிட்டான் என் சித்தப்பா மகன். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். சித்தப்பாவுக்கு மைக் செட் கடை. சாயங்காலம் அண்ணன் அவரோடு குழாய் ஸ்பீக்கர் கட்டுவான், பகலில் அதே சோலார் கம்பெனியின் கண்ட்ரோல் ரூமில் கான்ட்ராக்ட்டில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பான். பகலில் யாருக்காக எங்களை வேவு பார்க்கிறானோ, அவர்களையே சாயங்காலம் எங்களோடு சேர்ந்து திட்டுவான். மனசாட்சி இல்லையா என்று கேட்டால், "அது ஷிஃப்ட் கணக்குல வேலை செய்யுது" என்பான்.

அவன் ஒரு பெட்டி செய்தான். மாப்பிள்ளை எங்கே பறக்கிறோம் என்பதைச் செயற்கைக்கோளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளுமாம். அதற்குள் இவன் புகுந்து, 'நீ இப்போது நடுக்கடலில் இருக்கிறாய்' என்று பொய் சொல்வான். மாப்பிள்ளை நம்பவில்லை. ஊரிலிருந்த போன்கள் எல்லாம் நம்பிவிட்டன. எங்கள் ஊருக்கு வந்த ஒரு ஆட்டோக்காரரிடம் அவருடைய போன் 'படகில் ஏறவும்' என்றது. பள்ளிக்கூட வருகைப் பதிவில் எனக்கு ஆப்சென்ட் விழுந்தது. காரணம்: மாணவி கடலில் இருக்கிறார்.

அதற்குள் போலீஸ் வந்து ஒரு எச்சரிக்கை கொடுத்துவிட்டுப் போனது. ட்ரோன் மேல் கல், வலை, கம்பு எது பட்டாலும் வழக்கு.

குலவை அந்தப் பட்டியலில் இல்லை.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ராக்கு என்றால் சுற்று வட்டாரத்துக்கே தெரியும். கல்யாணம், சடங்கு, கோயில் எது என்றாலும் முதல் குலவை அவளுடையதுதான். அவள் நாக்கு சுழல ஆரம்பித்தால் மற்றப் பெண்கள் பின்னால் சேர்ந்துகொள்வார்கள். அப்பா திருப்பூரிலிருந்து போன் செய்தால்கூட, "என்னடி, இன்னைக்கு எந்த ஊர்ல கச்சேரி?" என்றுதான் ஆரம்பிப்பார். அப்படிப்பட்டவளுக்கு நான் பிறந்தேன். என் குலவையைக் கேட்டுச் சம்பூர்ணம் அத்தை ஒருமுறை, "மதினி, உன் மக போடுறது குலவையா, கிணத்து உருளைக்கு எண்ணெய் இல்லையா?" என்றாள். அதிலிருந்து நான் பொது இடங்களில் வாய்விட்டுப் போடுவதில்லை.

போன வருஷம் முளைப்பாரி ஊர்வலம் ஊருணிக்குப் போனபோது ஒரு மாப்பிள்ளை தலைக்கு மேலே வந்தது. அம்மா குலவை எடுத்தாள். நான் பக்கத்தில் நடந்து, வகுப்புத் தோழிகளுக்கு அனுப்புவதற்காகப் போனில் பதிவு செய்துகொண்டிருந்தேன். சும்மா இல்லை. அம்மா மாதிரியே கண்ணை உருட்டிக்கொண்டு, போனுக்குள் வாயை வைத்து நானும் கேலியாகக் குலவை போட்டேன். மாப்பிள்ளை கள் குடித்தது மாதிரி ஒரு ஆட்டம் ஆடியது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நேராக ஊருணிக்குள் விழுந்தது.

அம்மன் கண் திறந்துவிட்டாள் என்றார்கள். ஒரு பாட்டிக்குச் சாமியே வந்துவிட்டது. வழிவிட்டான் அண்ணன் மட்டும் என் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். மறுநாள் வந்து விளக்கினான்.

"அதுக்குள்ள ஒரு சில்லு இருக்கு பெரியம்மா. அரிசி அளவுதான். நேரா நிக்கிறமா சாஞ்சிருக்கமான்னு அதுதான் சொல்லும். அதுல ஒரு துணுக்கு சதா அதிர்ந்துக்கிட்டே இருக்கும். வெளியில இருந்து அதே அதிர்வுல ஒரு சத்தம் வந்து மோதுச்சுன்னா அதுக்குக் கிறுகிறுத்துரும். எது மேலு, எது கீழுன்னு தெரியாது."

"என் குலவையா அப்படிப் பண்ணுச்சு?" அம்மாவுக்கு முகமெல்லாம் பல்.

"உங்க குலவைதான். வேற யாருது?"

அன்றைக்கே அம்மா சம்பூர்ணம் அத்தை வீட்டு மொட்டை மாடிக்கு ஏறி, வந்த மாப்பிள்ளையைப் பார்த்து, கழுத்து நரம்பு புடைக்கக் குலவை போட்டாள். அது அசையாமல் நின்று, நல்ல கச்சேரிக்கு வந்தது மாதிரி முழுவதும் கேட்டுவிட்டுப் போனது. அம்மா இறங்கி வந்து, "இதுக்கு மைக்கு வேணும்" என்றாள். நாங்களும் மைக் இல்லாததுதான் காரணம் என்று நம்பினோம். ஏனென்றால் என் போனில் இருந்த பதிவைக் குழாய் ஸ்பீக்கரில் போட்டால் ஒவ்வொரு தடவையும் விழுந்தது.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கத்து ஊர் கேட்டது, கொடுத்தோம். அவர்கள் அடுத்த ஊருக்குக் கொடுத்தார்கள். 'ராக்கு குலவை' என்ற பெயரில் அந்த ஃபைல் எல்லாப் போனிலும் ஏறியது. கூரை இல்லாத ஊர்களில் பெண்கள் குடையை மடக்கி வைத்துவிட்டுக் குளித்தார்கள். கல்யாண வீடுகளில் போட்டோக்காரரின் ட்ரோன் சாம்பார் அண்டாவில் விழுந்தது. ஒரு கட்சிக் கூட்டத்தில் இன்னொரு கட்சிக்காரன் போட்டுவிட்டான். ஜெயில் மேல் பறந்த காவல் ட்ரோனை யாரோ விழவைத்து, மதிலுக்கு உள்ளே பொட்டலம் போட்டார்கள் என்று செய்தி வந்தது. அம்மா அதைக் கேட்டு, "நம்ம குலவை ஜெயிலு வரைக்கும் போயிருச்சே" என்று சிரித்தாள். நானும்தான் சிரித்தேன்.

டென்சிலுக்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

அவன் ஒரு கடற்கரை ஊரில் வலை பின்னிக்கொண்டிருந்தவன். வயது பதினேழு. கரையோரம் ரோந்து வந்த பெரிய ட்ரோனை எவனோ படகிலிருந்து எங்கள் ஃபைலைப் போட்டு விழவைத்தான். அது கடலில் விழவில்லை. டென்சில் மேல் விழுந்தது. ஒரு கண் போய்விட்டது. செய்தியில் அவன் படம் வந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த இன்னொரு கண்ணால் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை. அம்மாவிடம் காட்டவும் இல்லை.

குலவையை ஸ்பீக்கரில் போடத் தடை வந்தது. போட்டவர்களைப் பிடித்தார்கள். பிறகு அந்தக் குரல் யாருடையது என்று தேட ஆரம்பித்தார்கள். ராக்கு என்ற பெயரில் எங்கள் மாவட்டத்தில் தெருவுக்கு ஒருத்தி இருந்ததால் அம்மா தப்பினாள்.

இன்று மறுபடியும் முளைப்பாரி. ஊர்வலம் கிளம்பிப் பாதி தூரம் போன பிறகு வழிவிட்டான் அண்ணன் கண்ட்ரோல் ரூமிலிருந்து போன் செய்தான். குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"ஜோதி, பெரியம்மா குலவை போட்டுருச்சா?"

"இன்னும் இல்லண்ணே. ஊருணிக்கரையிலதான் எடுப்பாக. ஏன்?"

"இன்னைக்கு மேல வர்றது புதுசு. எந்தச் சத்தத்துக்கும் விழாது. காதைத் தீட்டிக்கிட்டு வருது. கோயில் கோயிலா அனுப்பியிருக்காய்ங்க. ஃபைல்ல உள்ள குரலு எந்தத் தொண்டையில இருந்து வருதோ அந்த ஆளைப் படம் பிடிச்சு அனுப்பிரும். ஆயுதம் செஞ்ச கேஸுன்னு பேசிக்கிறாய்ங்க. ஓடு."

ஓடினேன். அம்மா ஊருணிக்கரையில் கழுத்தை நிமிர்த்தி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்த வாயைப் பொத்தினேன்.

குலவை இல்லாமல் முளைப்பாரி தண்ணீரில் இறங்காது. அம்மா எடுக்காமல் மற்றவர்கள் எடுக்க மாட்டார்கள். அது எங்கள் ஊர் வழக்கம். மேளம் நின்றது. சட்டிகளைச் சுமந்தபடி பெண்கள் என்னையே பார்த்தார்கள். சம்பூர்ணம் அத்தை, "சாமி குத்தம் ஆகப்போகுதுடி. ஆத்தா வாயைப் பொத்துறதுக்கு உனக்கு என்ன நெஞ்சழுத்தம்" என்றாள். அம்மா என் கையைக் கடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கொஞ்சம் இறங்கி வந்தது.

யாராவது எடுத்தாக வேண்டும். அம்மா எடுக்கக் கூடாது. என் குரலை நாயும் சீண்டாது. இவ்வளவுதான் நான் யோசித்தேன். கையை எடுக்காமல், அம்மாவின் முளைப்பாரிக்குப் பின்னால் முகத்தைப் புதைத்துக்கொண்டு, நான் குலவை போட்டேன்.

ஊர் சிரித்தது. கொட்டுக்காரர்கூடச் சிரித்தார். ஆனால் சிரித்துக்கொண்டே பெண்கள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள், சட்டிகள் தண்ணீரில் இறங்கின. மாப்பிள்ளையின் வயிற்றில் இருந்த நீல விளக்கு பச்சையாக மாறியது. எங்கள் இருவரையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வடக்கே போனது. தப்பித்தோம் என்று நினைத்தேன். அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். அவள் எல்லோர் முன்னாலும் என் கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

அண்ணன் மறுபடி கூப்பிட்டான்.

"கடைசியா குலவை எடுத்தது யாரு?"

"நான்தான். ஊரே சிரிச்சுச்சு. பெரிய மானக்கேடு."

"பெரியம்மா?"

"அதான் வாயைப் பொத்திட்டேன்ல."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"பொத்த வேண்டிய வாயை விட்டுட்டியேடி" என்றான். "திரையில பச்சை விழுந்துருச்சு. ஃபைல்ல உள்ளது பெரியம்மா குரல் இல்ல. உன் குரலு. போனு உன் வாய்க்கிட்டதானே இருந்துச்சு. ஊர்ப் பொம்பளைங்க குலவை அத்தனையும் அதுல கலந்து கிடந்ததுல நானும் கூறுகெட்டுப்போய் ஒரு வருஷமா கவனிக்கல. அன்னைக்கு மாடியில பெரியம்மா அம்புட்டு நேரம் போட்டும் அது விழுகல பாரு, அப்பவே தெரிஞ்சிருக்கணும்."

ஊருணிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஜெயில் மதில், சாம்பார் அண்டா, டென்சில் எல்லாம் என் தொண்டை. ஊரில் உள்ளவர்கள் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்ட அந்தக் கிணற்று உருளை.

"என் மூஞ்சி தெரியுதாண்ணே?"

"இல்ல. முளைப்பாரி மறைச்சிருச்சு. பெரியம்மா மூஞ்சியும் அதைப் பொத்துன உன் கையும்தான் பளிச்சுன்னு விழுந்திருக்கு. அவய்ங்களுக்கும் அதுலதான் குழப்பம். நாளைக்குக் காலையில பதிவு பண்ற மிஷினோட வர்றாய்ங்க. உங்க வீட்டுப் பொம்பளைங்க ரெண்டு பேரும் குலவை போட்டுக் காட்டணுமாம்."

சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டென்சில் படத்தையும் காட்டினேன். அவள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். விரலால் அந்தக் கட்டைத் தொட்டாள், திரை நகர்ந்து வேறு படம் வந்துவிட்டது, மறுபடி அவளே தேடி எடுத்தாள்.

"அவுக அம்மா பேரு என்னவாம்?"

"போடலம்மா."

"நீ போயி அவுககிட்ட என்னத்தச் சொல்லுவ?"

"தெரியல."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். "சரி. அது என் குரலுதான். நான்தான் போட்டேன். நாளைக்கு நீ வாயே திறக்கப்படாது. தொண்டை கட்டிருச்சுன்னு சொல்லிக்கிறலாம். துண்டைச் சுத்திக்கிட்டுப் படுத்துக்க."

"மிஷின் கண்டுபிடிச்சிரும்மா. நீ நல்லாப் போடுவ. அது கேவலமா இருக்கணும்."

"கேவலமாப் போடுறது என்ன பெரிய வித்தையா?"

பெரிய வித்தைதான். அடுப்படியில் கேட்கும் சத்தம் அதுதான். சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் தெருவுக்குப் போகாமல், அம்மா கேவலமாகக் குலவை போடப் பழகுகிறாள். வரவில்லை. எவ்வளவு கெடுத்தாலும் அது சுருதியில் போய் நிற்கிறது. நடுவில் தன்னையே திட்டிக்கொள்கிறாள். சற்று முன்பு கதவருகே வந்து, நான் தூங்கவில்லை என்று தெரிந்துகொண்டு கேட்டாள்.

"ஏண்டி, அந்தக் கீச்சு எங்கிட்டு இருந்துடி வருது உனக்கு? பல்லுலயா, நாக்குலயா?"

"போயிப் படும்மா."

"கேக்குறேன்ல. அம்புட்டுக் கேவலமா எப்படிடி போடுற?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள், பதிலுக்காக நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பவும் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பல்லும் இல்லை, நாக்கும் இல்லை. குலவை போடுகிற எல்லோரும் மூச்சை வெளியே விட்டுத்தான் போடுவார்கள். சின்ன வயதில் யாரும் எனக்குச் சரியாகச் சொல்லித் தராததால் நான் மூச்சை உள்ளே இழுத்துப் போடுகிறேன். அவ்வளவுதான். இது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வரி. சொன்னால் அம்மா இரண்டே நிமிடத்தில் பிடித்துக்கொள்வாள். காலையில் அந்த மிஷின் முன்னால் அப்படியே போடுவாள், பச்சை விளக்கு எரியும், அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள், நான் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலில் நிற்பேன். சொல்லாவிட்டால் மிஷின் என் பக்கம் திரும்பும். இரண்டில் எது நடந்தாலும் டென்சிலுக்குக் கண் வரப்போவதில்லை.

அடுப்படியில் சத்தம் நின்றுவிட்டது. காலடி கேட்கிறது. மறுபடி கேட்க வருகிறாள். நான் என்ன சொல்லட்டும்?